கூட்டாத சருகு

ஐந்தருவி சாலை,
குற்றாலம்,
சித்திரை 25.

அன்புள்ள யோகாவுக்கு,

விசுவநாதன் எழுதுவது. நான் இங்கே இருக்கிறபடி இருக்கிறேன். மடிப்பாக்கத்தில் நீயும் உன் அண்ணன், அண்ணி, பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தென்காசியில் இருக்கும் என் பேர்க்காரர் துணை செய்யட்டும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அண்ணன் சிரிப்பார். போனில் நான் தோட்டம் என்ற சொல்லை எடுத்தாலே நீ, அண்ணிகிட்ட குடுக்கேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாய். போன வாரம் உன் அண்ணியோடு மாவடு போடுவதைப் பற்றி வெகுநேரம் பேசவேண்டியதாயிற்று. மாவடுவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? காகிதம் என்றால் நீ அதை யார் கையிலும் கொடுக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுவாய் என்று இத்தனை வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா?

முதலில் வீட்டு விஷயம். கடையநல்லூர் சேக் தாவூது வந்து பார்த்தார். குவைத்திலிருந்து ஊரோடு வந்துவிட்டவர், நிதானமான மனிதர். சீசனுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டப்போகிறார். வீட்டை இடிக்கமாட்டாராம். பின்னால் இருக்கும் மரங்களை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த சிமெண்ட் தளம் போடுவாராம். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதிய முடியாது, ஆனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் உனக்குக் கொடுத்த வார்த்தையை மாற்றவில்லை. விற்றுவிட்டு மடிப்பாக்கத்துக்கு வந்து, உன் அண்ணன் வீட்டு மாடியில் கொசுக்களுக்கு ஒத்தாசையாக இருந்துகொள்கிறேன்.

அவர் பின்பக்கம் சுற்றிப் பார்க்கும்போது பலாமரத்தடியில் இருக்கும் குழிக்குள் கால் வைத்துவிட்டார். சருகு மூடிக் கிடந்ததால் குழி தெரியவில்லை. நல்லவேளை விழவில்லை. என்ன அண்ணாச்சி, யானை பிடிக்க வெட்டி வச்சிருக்கியளா என்று சிரித்தார். அடுப்பு வெட்டிய இடம் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கிரயத்துக்கு முன்னால் ஒரு வண்டி மண் வாங்கிக் கொட்டி அதை மூடவேண்டும். இரண்டு வருஷமாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

பின்பக்கத்தை நான் கூட்டுவதில்லை. இந்த வரியைப் படித்ததுமே உன் கை வாரியலைத் தேடும் என்று தெரியும். நம் பிள்ளை அபர்ணாவுக்கும் உனக்கும் நடந்த சண்டையெல்லாம் இந்தச் சருகினால்தானே. விடிந்ததும் புறவாசல் கூட்டாத வீடு இழவு வீடு மாதிரி இருக்கும் என்பாய் நீ. நிழல் தோட்டத்துக்குச் சருகுதான் போர்வை, அதை உருவாதேம்மா என்பாள் அவள். நீ குவித்துத் தீ வைப்பாய், அவள் வாளித் தண்ணீரோடு ஓடிவருவாள், நான் நடுவில் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வேன். ஆரியங்காவில் யாரோ ரப்பர் தோட்டத்தை ஜேசிபி வைத்துப் புரட்டியபோது, மண்ணோடு லாரி ஏறவிருந்த கிழங்குகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வந்து நின்றாளே, நினைவிருக்கிறதா? கிழங்கு என்றதும் ஆசையாகக் கை நீட்டினாய். அரைநெல்லி அளவில் உருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, இதுல என்னத்தக் கூட்டு வைக்க என்றாய்.

ஓரிலைத்தாமரை. பேர் மட்டும்தான் தாமரை. ஒரு கிழங்குக்கு ஒரே இலை. சாரலில் மண்ணை ஒட்டி விசிறி மாதிரி விரியும், மார்கழி வாக்கில் காய்ந்து மறைந்துவிடும், பிறகு கோடை முழுக்க மண்ணுக்குள் கிடக்கும். பங்குனி வெயிலில் நீ பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றப் போக, அது தூங்குதும்மா, தண்ணி ஊத்துனா அழுகிரும் என்று கத்தினாள். பூக்குமா என்று நான் கேட்டேன். பூக்கும்ப்பா, மொதல்ல பூ வரும், அது போன பெறகுதான் இலை வரும், ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடவே செய்யாது என்றாள். நல்ல குடும்பம்தான் என்று கேலி செய்தேன். ஒவ்வொரு சித்திரையிலும் குனிந்து குனிந்து தேடினாள். இலைதான் வந்தது. பூவை அவள் பார்க்கவே இல்லை.

செங்கோட்டை ரோட்டில் அந்தக் கல் லாரி அவளையும் வண்டியையும் அடித்துப் போட்டு இரண்டு மாசி முடிந்துவிட்டது. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் பதினாறெல்லாம் வேண்டாம், மூன்றாம் நாளோடு முடித்துவிடலாம் என்றார்கள். அவள் சிநேகிதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வருவார்கள், பசியோடு அனுப்பமாட்டேன் என்று நீதான் பிடிவாதம் செய்தாய். பதினாறாம் நாள் சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை தாணு அடுப்பு எங்கே வெட்ட என்று கேட்டபோது, பாவம், வெயிலில் வேகவேண்டாம், பலாமரத்து நிழலில் வெட்டுங்கள் என்றாய். அவள் கிழங்கு நட்டிருந்த இடம் அது, ஆனால் மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லாத காலம். எனக்கும் நினைவு வரவில்லை. பந்தி முடியும்போது அவள் சிநேகிதி ஷெர்லின் வந்து, ஆன்ட்டி, அபர்ணா ஓரிலைத்தாமரைய எங்கன வச்சிருக்கா என்று கேட்டாள். நீ எழுந்து ஓடிப்போய் அடுப்புக் கங்கை வெறும் கையால் கிளறினாய். என் பிள்ளைய ரெண்டாந்தடவையும் நானே எரிச்சிட்டேன் என்றாய். கைக் கொப்புளம் ஆறுவதற்குள் அண்ணனோடு ரயில் ஏறிவிட்டாய். அந்தக் குழி இருக்கிற வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்றதுதான் நீ இந்த வீட்டில் கடைசியாகச் சொன்னது.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். நாம் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லையே, அதனால்தான்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று அண்ணனைக் கிளப்பிவிடாதே. சாயங்காலம் வெயில் தாழும்போது, அவள் கல்லூரி விட்டு வருகிற நேரத்துக்கு, புறவாசல் பக்கம் சருகில் நடக்கிற சத்தம் கேட்கிறது. காய்ந்த பலா இலையை மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கும். கேட்டில் ஆரம்பிக்கும். துவைக்கிற கல் வரைக்கும் வரும். அங்கே நின்றுவிடும். வண்டியை நிறுத்திவிட்டு அவள் அப்படித்தானே வருவாள்? அந்தக் கல்லில் ஏறிக் கால் கழுவிவிட்டுத்தானே உள்ளே நுழைவாள்?

கீரி என்றேன். தவிட்டுக்குருவிகள் கிளறுகின்றன என்றேன். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மின்வாரியத்தில் இருந்தபோது, டிரான்ஸ்பார்மரில் பேய் ஊளையிடுகிறது என்று வந்த புகாரையெல்லாம் ஒரு ஸ்பேனரால் தீர்த்துவைத்தவன் நான். என் காதுதான் பழுது என்று முடிவு கட்டியிருந்தேன். போன வியாழக்கிழமை மாரித்தாய் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்து கல் பக்கம் நின்றது. அவள் தலையைத் தூக்காமலே, ஐயா, பாப்பா வந்துட்டா போல, காப்பி போடவா என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சட்டியை அப்படியே போட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போய்விட்டாள். மறுநாள் வந்தாள். ஆனால் பின்பக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறாள்.

இது அச்சன்புதூர் வரைக்கும் போய், வடிவாம்பாள் அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். கையில் புது ஓலைப்பெட்டி. அதற்குள் சிவப்புப் பாவாடை, கண்ணாடி வளையல், சாந்து, சீப்பு. கன்னியாகப் போன பிள்ளைக்குப் பெட்டி வைத்துக் கும்பிடவேண்டும், நாம் வைக்காததால்தான் தம்பி மகள் இருக்க இடமில்லாமல் சருகில் அலைகிறாள் என்று அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். மண் அப்பிய முழங்காலோடு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தவளுக்குப் பாவாடை எதற்கு என்றேன். அக்கா சாப்பிடாமல் போய்விட்டாள். பெட்டியைப் பரணில் போட்டிருக்கிறேன்.

அபர்ணாவின் அறையை நீ வந்து ஒழிப்பாயா, நானே செய்துவிடவா? இதற்கு மட்டுமாவது பதில் எழுது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, மறந்துவிட்டுப் பிறகு போடாதே.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
விசுவநாதன்.


குற்றாலம்,
வைகாசி 12.

அன்புள்ள யோகாவுக்கு,

பதில் வரவில்லை. கிழித்துப் போட்டாய் என்றாலும் சரி. இதையும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே கோடை மழை கொட்டித் தீர்த்தது. தென்காசியில் தெருவெல்லாம் தண்ணீர். அருவியில் குளிக்கத் தடை போட்டுப் பிறகு எடுத்தார்கள். சருகெல்லாம் ஊறிப்போய்விட்டது. ஊறின சருகில் சத்தம் வராதே, அதனால் சாயங்காலம் அமைதியாக இருந்தது. காதுக்கு ஓய்வு என்று நினைத்தேன். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து புறவாசலுக்குப் போனேன்.

யோகா, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அவள் கால் கழுவுகிற தண்ணீர் ஓடிப்போகுமே அந்த இடத்தில், மண்ணிலிருந்து ஒரு தண்டு நின்றது. இலை இல்லை. பக்கத்தில் எந்தச் செடியும் இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு வெறும் தண்டு, அதன் நுனியில் நாலைந்து பூ. வெளிறிய பச்சை, உள்ளே ஊதா நரம்பு. மார்க் குறைந்து வந்த பிள்ளை மாதிரி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடைச்சத்தம் வந்து நிற்கிற இடம் அது. சரியாக அந்த இடம்.

போட்டோ எடுத்து ஷெர்லினுக்கு அனுப்பினேன். அவள் இப்போது பாளையங்கோட்டையில் ஆராய்ச்சி செய்கிறாள். உடனே போன் செய்தாள். அழுதுகொண்டேதான் பேசினாள். ஓரிலைத்தாமரைதான் அங்கிள், இந்தப் பூவப் பாக்கணும்னு எத்தன வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தா என்றாள். போன வருஷமும் இங்கே இலை வந்திருக்கும், நீங்க அங்கன போயிருக்க மாட்டீங்க என்றாள். உண்மைதான். அந்த வருஷம் முழுக்க நான் பின்கதவைத் திறக்கவே இல்லை. வந்து நின்றுவிட்டு, பார்க்க ஆளில்லாமல் போயிருக்கிறது.

பலாமரத்தடியில் எரிந்துபோனது கல்லுக்குப் பக்கத்தில் எப்படி வந்தது என்று கேட்டேன். மண்ணுக்கடியில் வேர் ஓடி, கொஞ்சம் தள்ளிப் புதுக் கிழங்கு வைக்குமாம். அப்படி வருஷத்துக்குக் கொஞ்சம் நகருமாம். ஆனால் இவ்வளவு தூரம் வராதாம். அபர்ணாவே அங்கன ஒண்ணு வச்சிருப்பாளோ என்றாள். வைத்திருக்கமாட்டாள். அந்த இடம் சோப்புத் தண்ணீர் தேங்கிச் சகதியாகக் கிடந்த பள்ளம். அதில் வைத்தால் அழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா?

இதற்கிடையில் சேக் தாவூது இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையன் டேப்பை நீட்டி அளந்து, ஒரு முளைக்குச்சியைக் கல்லுக்குப் பக்கத்தில் அடிக்கக் குனிந்தான். ஏலே, எடுலே கையை என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பையன் அரண்டுபோய்விட்டான். சேக் தாவூது குனிந்து பூவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். குச்சியை அவரே வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி, மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க, ஆனி கடைசி வரைக்கும் நான் பொறுக்கேன், அதுக்கு மேல வேற இடம் பாக்கணும் என்றார்.

பூ நாலைந்து நாள்தான் நின்றது. பிறகு வாடி, தண்டும் சாய்ந்துவிட்டது. மறுபடி வெயில் அடித்தது, சருகு காய்ந்து முறுகிவிட்டது. சாயங்காலம் நாற்காலியைப் பின்கதவுப் பக்கம் போட்டு உட்காருகிறேன். சத்தம் வரவில்லை. பூ வந்த நாளிலிருந்து ஒரு நாளும் வரவில்லை. சத்தம் கேட்டபோது எனக்குப் பயமாக இல்லை, யோகா. இப்போதுதான் பயமாக இருக்கிறது. நான் எதையும் நம்பவில்லை. ஆனாலும் நேற்று பரணிலிருந்து அக்காவின் ஓலைப்பெட்டியை இறக்கி, தூசி தட்டி, அபர்ணாவின் மேஜைமேல் வைத்தேன்.

பூவைப் பார்க்க வா என்று கூப்பிட முடியாது. அது போய்விட்டது. இனி இலை வரவேண்டும். நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. உள்ளே வரவேண்டாம், புறவாசலோடு திரும்பிவிடு.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
விசுவநாதன்.


குற்றாலம்,
ஆனி 9.

அன்புள்ள யோகாவுக்கு,

உன் அண்ணன் போன் செய்தார். என்ன மாப்ளே இப்படியெல்லாம் எழுதுதீரு, அவ ரெண்டு நாளா சோத்துல கை வைக்கல என்று திட்டினார். திட்டட்டும், உரிமை இருக்கிறது. ஆனால் நீ சொன்னதாக ஒன்று சொன்னார் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவ பூத்து வரல, என்னை ஏம்மா எரிச்சேன்னு கேட்டு வந்து நிக்கா, அந்த வீட்ட வித்துட்டு அவர வரச்சொல்லுங்க என்றாயாம். இரண்டு வருஷமாக இந்தப் பாரத்தையா சுமந்துகொண்டிருக்கிறாய்? நீ வீட்டைத்தான் வெறுக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே இதை நிதானமாகப் படி. அண்ணியைக் கூப்பிடாதே. கதவைச் சாத்திக்கொண்டு படி.

முந்தாநாள் கீழப்பாவூரில் என்னோடு வேலை பார்த்த நல்லதம்பி மகன் ஜோயலுக்குக் கல்யாணம். உனக்கும் சேர்த்துத்தான் பத்திரிகை வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மண்டபத்துக்குப் பின்னால் துண்டை உதறிக்கொண்டு தாணு நிற்கிறார். சமையல் அவருடையதுதான். அவியல் நன்றாக இருந்தது, வாயைத் திறந்து பாராட்டியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஓய், எங்க வீட்டுல குழிய வெட்டிப் போட்டுட்டு வந்தீரே, மூடணும்னு தோணலையா, வீடு வாங்க வந்த மனுஷன் காலை ஒடிக்கப் பார்த்தான் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூடுததுக்கு மண்ணு எங்க அண்ணாச்சி இருந்துச்சு, மதினி சொல்லித்தான வெட்டுன மண்ணையெல்லாம் கல்லுப் பக்கம் அள்ளிக் கொட்டுனோம் என்றார்.

எந்தக் கல்லு என்று கேட்டேன். துவைக்கிற கல்லுதான், அங்கன சகதியாக் கெடந்துச்சு, சட்டிபானை கழுவ வாற பொம்பளையளுக்குக் கால் வழுக்கிரும், அந்த மண்ண இங்கன போட்டு மேவுங்கன்னு மதினிதான சொன்னாவ, நாங்க கூடையில அள்ளிப் போட்டு மிதிச்சு விட்டோம், பெறகுதான் அடுப்புல தீயே வச்சோம் என்றார். அவ்வளவு துக்கத்துலயும் கழுவுத பொம்பளைய வழுக்கி விழக் கூடாதுன்னு நெனச்சாவளே, அத நான் எத்தனையோ வீட்டுல சொல்லியிருக்கேன் என்றும் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்திக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்தக் குழி என் கண் முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. வெட்டின மண் இருந்தால் மூடியிருப்பார்களே, அந்த மண் எங்கே போனது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? வண்டி மண் வாங்கவேண்டும் என்றுதான் யோசித்தேன். நீயும் யோசிக்கவில்லை. நமக்கு நெருப்பு மட்டும்தான் கண்ணில் நின்றது.

யோகா, தீ வைப்பதற்கு முன்னாலேயே மண் இடம் மாறிவிட்டது. அடுப்பில் எரிந்தது வெறும் குழி. நீ கங்கைக் கிளறிக் கையைச் சுட்டுக்கொண்ட இடத்தில் அவள் கிழங்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கூடையில் ஏறி, கல்லுக்குப் பக்கத்தில் போய், பாத்திரம் கழுவுகிற பெண்களின் காலடியில் பத்திரமாகக் கிடந்தன. பள்ளம் மேடானதால் தண்ணீரும் தேங்கவில்லை, அதனால் அழுகவும் இல்லை. அதற்குப் பிறகு நான் கூட்டாமல் விட்ட சருகு மேலே விழுந்து மூடிக்கொண்டது. ஷெர்லினிடம் சொன்னேன். அவ்வளவுதான் அங்கிள், வேற ஒண்ணும் தேவையில்ல அதுக்கு என்றாள். நீ அவளை எரிக்கவில்லை. நீதான் அவளை எடுத்து வைத்தாய். யாருக்கும் கால் வழுக்கக் கூடாது என்று அந்த நாளிலும் உன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. உனக்கு அது நினைவிலேயே இல்லை.

சருகில் நடந்தது யார் என்று நீ கேட்பாய். அதற்குத் தாணுவிடம் பதில் இல்லை, ஷெர்லினிடமும் இல்லை. என்னிடம் சுத்தமாக இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்னிடம் கணக்குக் கேட்க வந்தவளாக இருந்தால் அடுக்களை வரைக்கும் வந்திருப்பாள், உன்னோடு சண்டை போடுவதற்கு அவள் வாசலில் நின்ற நாள் உண்டா? கால் கழுவுகிற இடத்தோடு நின்றுவிட்டாள். அங்கே எதையோ காட்டத்தான் நின்றாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கிழட்டு மனுஷன் உளறுகிறான் என்று நீ எடுத்துக்கொண்டாலும் சரி.

வடிவாம்பாள் அக்காவை வரச்சொல்லி இடத்தைக் காட்டினேன். பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன், ஆனால் என் இஷ்டப்படி என்றேன். பாவாடையை எடுத்துவிட்டு, தோட்டத்துக்கு அபர்ணா போட்டுக்கொள்ளும் அந்தப் பழைய கட்டம் போட்ட சட்டையை மடித்து வைத்தேன். அக்கா முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே சீப்பை எடுத்துச் சட்டைமேல் வைத்து மூடினாள். மாரித்தாயும் நேற்று முதல் பின்பக்கம் போகிறாள். கல்லைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியது அவள்தான்.

சாரல் இறங்கிவிட்டது. காலையிலிருந்து பூந்தூறலாக விழுகிறது, மலை தெரியவில்லை. இன்று காலை குனிந்து பார்த்தேன். ஒன்றில்லை, மூன்று இடத்தில் மண் வெடித்து மூக்கு நீட்டியிருக்கிறது. சுருட்டி வைத்த வெற்றிலை மாதிரி இருக்கிறது. இன்னும் விரியவில்லை. ஒரு வாரத்தில் விரிந்துவிடும் என்று ஷெர்லின் சொல்கிறாள். அவளும் வருகிறேன் என்கிறாள். அம்மா பார்த்த பிறகு நீ வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சேக் தாவூது ஆனி கடைசி வரைக்கும்தான் பொறுப்பார். நான் வார்த்தை மாறுகிறவன் இல்லை. நீ வந்து, இலையைப் பார்த்துவிட்டு, விற்றுவிடலாம் என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கிழங்கைத் தோண்டிப் பையில் கட்டி மடிப்பாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். அங்கே அது பிழைக்காது என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் போனில் சொல்லாதே. அண்ணன் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே. கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்.

ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் விடிந்து கொஞ்ச நேரத்தில் தென்காசி. ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆட்டோவில் வந்து பின்பக்கத்துச் சந்தில் இறங்கு. முன்வாசல் வழியாக வராதே. புறவாசல் கேட்டைத் திறந்தே வைத்திருப்பேன். கூட்டாமல் கிடக்கிறதே என்று அங்கேயே வாரியலைத் தேடாமல், சருகின்மேல் நடந்து வா. சாரலில் நனைந்து கிடப்பதால் சத்தம் அதிகம் வராது. பரவாயில்லை, எனக்குக் கேட்கும். நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருப்பேன்.

கல்லில் ஏறிக் கால் கழுவும்போது மட்டும் பார்த்துத் தண்ணீர் ஊற்று. உன் காலடியில்தான் இருக்கிறாள்.

வழித்துணையாக அவளே வரட்டும்.

உன்,
விசுவநாதன்.